கொட்டாத "குளவி": பூ ஈக்களைத் தெரிந்துகொள்வோம்



கொழுந்து மலையிலும் லயத்துப் பக்கத்து மரக்கறித் தோட்டத்திலும் ஒரு சின்னப் பூச்சியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் கறுப்பும் கோடு போட்ட உடம்பு. நூல் கட்டித் தொங்கவிட்ட மாதிரி பூவுக்கு மேலே அசையாமல் அந்தரத்தில் நிற்கும். கையை நீட்டினால் சட்டென்று மறைந்துவிடும். அடுத்த நிமிஷம் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். வெயில் நேரத்தில் வியர்த்த கையில் உட்கார்ந்து உப்பை நக்கும். உடனே, "ஐயோ குளவி, அடி அடி!" என்று சத்தம் கிளம்பும்.

அது குளவி இல்லை. ஈ. அதற்குக் கொடுக்கே கிடையாது. விவசாயப் புத்தகங்களில் "சிர்பிட் ஈ" என்று எழுதியிருக்கும். நாம் இங்கே பூ ஈ என்றே சொல்லுவோம்.

இதைப் பற்றி ஏன் ஒரு கட்டுரை என்று கேட்பீர்கள். குளவிக் கொட்டினால் தோட்டங்களில் உயிர்ச்சேதமே நடக்கிறது. எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று தெரிந்திருப்பது நமக்கும் பிள்ளைகளுக்கும் நல்லது. இன்னொன்று, நம்ம கோவாவையும் போஞ்சியையும் காப்பாற்றும் ஒரு கூலியில்லாத வேலையாளை, யாரென்று தெரியாமலே நாம் மருந்தடித்துக் கொன்றுகொண்டிருக்கிறோம்.

ஈயா, குளவியா?

குளவிக்கும் தேனீக்கும் இறக்கை நாலு. ஈக்கு இரண்டுதான். பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில், குண்டூசித் தலை மாதிரி இரண்டு சின்ன முளைகள் இருக்கும். பறக்கும்போது உடம்பு சாயாமல் பார்த்துக்கொள்வது இவைதான்.

பூ ஈயின் தலையில் பெரும் பகுதி கண்ணாகவே இருக்கும். தலையிலுள்ள உணர்கொம்புகள் மிகவும் குட்டையானவை. குளவிக்கு அவை நீளமாக, வளைந்து தெரியும். குளவிக்கு இடுப்பு ஒடிந்து விழுகிற மாதிரி மெலிந்திருக்கும். பூ ஈக்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி இல்லை. பூ ஈ கூடு கட்டாது, கூட்டமாக வந்து தாக்காது.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இந்த அடையாளங்களைப் பூவில் தனியாக இருக்கும் பூச்சியில்தான் பார்க்க வேண்டும். ஒரே இடத்திலிருந்து பல பூச்சிகள் இரைச்சலோடு கிளம்பினால், இறக்கையை எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள்! நாம் "குளவி" என்று சொல்வதில் மரத்திலும் பாறையிலும் பெரிய வதை கட்டும் பெருந்தேனீயும் சேர்ந்திருக்கிறது. கூட்டமாக வந்தால் அதுவும் உயிருக்கு ஆபத்துதான்.

ஏன் இந்த வேஷம்?

ஒரு குருவி குளவியைக் கொத்தி ஒருமுறை கொட்டு வாங்கினால் போதும். அதன் பிறகு மஞ்சள் கறுப்புக் கோடு தெரிந்தாலே விலகிப் போகும். பூ ஈக்கு இதனால் லாபம். கொட்டுவதற்கு ஒன்றுமில்லாவிட்டாலும், குளவி உடுப்பைப் போட்டுக்கொண்டு தப்பித்துக்கொள்கிறது. அமேசன் காடுகளில் வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்த ஹென்றி பேற்ஸ் என்ற ஆங்கிலேயர் 1862இல் இவ்வகை வேஷத்தை முதன்முதலில் விளக்கி எழுதினார். பூ ஈக்களில் சில குளவி மாதிரி, சில தேனீ மாதிரி, சில உரோமம் நிறைந்த வண்டுத்தேனீ மாதிரி இருக்கும். ஆக, குருவியை ஏமாற்றப் போட்ட வேஷம் நம்மையும் ஏமாற்றுகிறது. குருவி விட்டுவிடுகிறது, நாம்தான் அடித்து விடுகிறோம்.

ஈக்கும் ஒரு விலாசம்

நமக்குக் கடிதம் வர வேண்டுமானால் மாவட்டம், தோட்டம், டிவிஷன், லயம், காம்பரா நம்பர் என்று வரிசையாக எழுத வேண்டும். உயிர்களுக்கும் அறிஞர்கள் இப்படித்தான் விலாசம் எழுதுகிறார்கள். வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடத்தில் வரும். (இந்தச் சாதியில் உயர்வு தாழ்வு கிடையாது, யார் யாருக்குச் சொந்தம் என்று காட்டத்தான் அது.)

பூ ஈயின் வகுப்பு பூச்சி. வருணம் டிப்டெரா, அதாவது இரண்டு இறக்கை உள்ளவை. இலையானும் நுளம்பும் இதே வருணம்தான். இந்த வருணத்தில் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. அதற்குள்ளே பூ ஈக்களின் குடும்பம் சிர்பிடே. உலகம் முழுவதும் இதில் 200 வரையான சாதிகளும், 6,000க்கும் மேற்பட்ட இனங்களும் உள்ளன.

இத்தனை உருவத்தில் இருப்பவை ஒரே குடும்பம் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இறக்கையில் ஒரு முத்திரை இருக்கிறது. ஈயின் இறக்கையில் உள்ள நரம்புகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். பூ ஈயின் இறக்கை நடுவில் மட்டும், எதிலும் சேராமல் தனியாக ஓடும் ஒரு கோடு உண்டு. அதைப் பொய் நரம்பு என்பார்கள். ஏறக்குறைய எல்லாப் பூ ஈக்களிலும் இது இருக்கும். கண்ணாடி வில்லை வைத்துப் பார்த்தால் தெரியும்.

விலாசம் சிலவேளை மாறுவதும் உண்டு. நமது பிரதேசத்தில் சாதாரணமாகக் காணப்படும் ஒரு பூ ஈக்கு ஃபப்ரீசியஸ் என்ற அறிஞர் 1805இல் ஸ்குட்டெல்லாரிஸ் என்று பெயர் வைத்து, வேறொரு சாதியில் சேர்த்தார். பிறகு வந்தவர்கள் நன்றாக ஒப்பிட்டுப் பார்த்து, இஸ்கியோடன் என்ற சாதிக்கு மாற்றினார்கள். ஆள் அதே ஆள்தான்; லயம்தான் மாறியது.

நமது நாட்டுப் பூ ஈக்களும் அக்காலத்திலேயே ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டன. இந்தியா, இலங்கை, பர்மா மூன்றையும் சேர்த்து எழுதப்பட்ட பெரிய நூல் வரிசையில், பூ ஈக்கள் அடங்கிய பாகம் 1923இல் வெளிவந்தது. எழுதியவர் புருனெட்டி. அவர் சங்கீதக்காரரும்கூட.

நாலு பிரிவு, நாலு பிழைப்பு

இன்று பூ ஈக் குடும்பத்தை நாலு உபகுடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். வளர்ந்த ஈக்களில் பெரும்பாலானவை பூந்தேனும் மகரந்தமும் தின்பவை. புழுப் பருவத்தில்தான் ஒவ்வொன்றின் பிழைப்பும் வேறு.

முதலாவது பிரிவு சிர்பினே. இவற்றின் புழுக்களில் பெரும்பாலானவை வேட்டைக்காரர்கள். செடியில் மொய்க்கும் அழுக்கணவனைத் தின்று வளர்பவை.

இரண்டாவது எரிஸ்டலினே. இதில் எல்லா வகைப் பிழைப்பும் உண்டு. சில உக்கிய மரத்தில், சில வெங்காயம் போன்ற கிழங்குகளுக்குள்ளே, சில அழுக்குத் தண்ணீரில் வாழும். அடைபட்ட கானிலும் சாணிக் குழியிலும் எலிவால் மாதிரி நீண்ட வாலோடு நெளியும் வெள்ளைப் புழுவைக் கண்டிருப்பீர்கள். அது வால் இல்லை, மூச்சுக் குழாய். தண்ணீருக்குள் இருந்துகொண்டே குழாயை மேலே நீட்டிக் காற்றை இழுக்கும். வளர்ந்தால் அசல் தேனீ மாதிரியே இருக்கும். மத்தியதரைக் கடல் நாடுகளில் பழைய காலத்து மக்கள், செத்த மாட்டின் உடலிலிருந்து தேனீ பிறக்கும் என்று நம்பினார்கள். அவர்கள் கண்டது தேனீயை அல்ல, இந்த ஈயைத்தான் என்று ரஷ்யரான ஒஸ்டன் சாக்கன் 1894இல் விளக்கினார். நமக்கு இதில் வேறு பாடமும் இருக்கிறது. லயத்துக் கானில் இந்தப் புழு இருந்தால், தண்ணீர் ஓடவில்லை, கான் அழுகிக் கிடக்கிறது என்று அர்த்தம். புழுவைத் திட்டிப் பயனில்லை; கானைத் துப்புரவாக்க வேண்டும்.

மூன்றாவது மைக்ரோடொன்டினே. இவை எறும்புக் கூட்டுக்குள்ளே வளரும். இந்தப் புழுவின் உருவத்தைப் பார்த்து, 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர்களே ஓடில்லாத நத்தை என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள்! இவற்றைத் தனிக் குடும்பமாகவே பிரிக்க வேண்டும் என்று வாதாடுவோரும் உண்டு.

நான்காவது பிப்பிசினே. வளர்ந்த ஈயின் சாயலைப் பார்த்து முன்பு எரிஸ்டலினேயோடு சேர்த்திருந்தார்கள். ஆனால் புழுவோ முதலாவது பிரிவைப் போல அழுக்கணவனைத் தின்பது. மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபின் 2015இல் தனிப் பிரிவாக்கினார்கள். முகத்தை மட்டும் பார்த்து ஒருவரின் சொந்தத்தைத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அழுக்கணவனுக்கு எமன்

அழுக்கணவன் என்பது செடிப்பேன். கோவா, போஞ்சி, முள்ளங்கி, மிளகாய் எல்லாவற்றிலும் குருத்திலும் இலைக்கு அடியிலும் மொய்த்துச் சாற்றை உறிஞ்சும். இலை சுருண்டுபோகும். தேயிலையையும் விடாது. கவ்வாத்துக்குப் பின் வரும் இளந்துளிரிலும், நாற்றுமேடைக் கன்றுகளிலும் கறுப்பு அழுக்கணவன் பிடிக்கும்.

தாய்ப் பூ ஈ அழுக்கணவன் உள்ள இடத்தைத் தேடிப் பிடித்து, பக்கத்திலேயே முட்டையிடும். முட்டை வெள்ளையாக, பொடி அரிசி மாதிரி இருக்கும். சில நாளில் புழு வெளிவரும். அதற்குக் கண்ணும் இல்லை, காலும் இல்லை. தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டித் தடவிப் பார்த்து, அழுக்கணவன் அகப்பட்டால் வாய்க்கொக்கியால் பிடித்துத் தூக்கி, சாற்றை உறிஞ்சிவிட்டு வெறும் தோலைப் போட்டுவிடும். கூட்டுப்புழு ஆவதற்குள் ஒரு புழு நூற்றுக்கணக்கில் தின்று தீர்க்கும்.

இவற்றின் உழைப்பு எவ்வளவு என்று இங்கிலாந்தில் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். 2019இல் வெளியான ஆய்வின்படி, அந்நாட்டின் தெற்குப் பகுதிக்கு மேலாக ஒரு வருஷத்தில் 400 கோடி வரையான பூ ஈக்கள் வந்து போகின்றன. மகரந்தத்தையும் சுமந்துகொண்டுதான் போகின்றன.

இங்கேதான் நமது நஷ்டம் தொடங்குகிறது. இலையைத் திருப்பிப் பார்க்கும்போது பச்சையாகவோ பழுப்பாகவோ ஒரு புழு. "புழு விழுந்திருச்சி, மருந்தடி" என்கிறோம். மருந்தில் அழுக்கணவனும் சாகும், பூ ஈப் புழுவும் சாகும். தப்பிய ஒன்றிரண்டு அழுக்கணவன் வெகு சீக்கிரம் பெருகிவிடும். பூ ஈ அவ்வளவு வேகமாகப் பெருகாது. பிறகு மறுபடி மருந்து, மறுபடி காசு. அந்தக் கீரையைத் தின்பதும் நம்ம பிள்ளைகள்தான்.

நாம் செய்ய வேண்டியவை

1. மருந்தடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். இலையைக் கடித்து ஓட்டை போடும் கோவாப் புழுவுக்குக் கால் உண்டு. அழுக்கணவன் நடுவில் அட்டை மாதிரி, காலில்லாமல், தலைப்பக்கம் மெலிந்து கிடப்பது பூ ஈப் புழு. அதை விட்டுவிடுங்கள்.

2. அழுக்கணவன் கொஞ்சமாக இருந்தால் விரலால் நசுக்குங்கள், அல்லது தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவிவிடுங்கள்.

3. தோட்டத்து ஓரத்தில் கொத்தமல்லி, கடுகு, முள்ளங்கி என்று நாலு செடியைப் பிடுங்காமல் பூக்க விடுங்கள். பூ ஈயின் வாய் குட்டை. இப்படி விரிந்த சின்னப் பூக்கள்தான் அதற்கு வசதி.

4. மருந்து கட்டாயம் என்றால் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு, சொன்ன அளவில், பூச்சி பறக்காத மாலை நேரத்தில் தெளியுங்கள். போத்தலில் எழுதியுள்ள நாட்கள் கழியும்வரை அறுவடை வேண்டாம்.

5. மலையில் குளவிக் கூட்டையோ தேன் வதையையோ கண்டால் கல்லெறியாதீர்கள், புகை போடாதீர்கள். கங்காணியிடமும் துரையிடமும் சொல்லி, ஆபத்தை அகற்றும்வரை அந்த இடத்தில் வேலை வேண்டாம் என்று கேளுங்கள். கலைந்து வந்தால் முகத்தை மூடிக்கொண்டு ஓடிவிட வேண்டும். தேனீக் கொடுக்கு தோலில் நின்றால் உடனே சுரண்டி எடுங்கள். பல கொட்டுப் பட்டாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, மயக்கம் வந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. லீவு நாளில் வெயில் ஏறியபின் பிள்ளைகளைப் பூத்த கொத்தமல்லிப் பாத்திக்கு அருகில் உட்கார வையுங்கள். தொடாமல் பார்க்கட்டும். இறக்கை இரண்டா நாலா, கண் எவ்வளவு பெரிசு, எத்தனை வகை வந்து போகிறது என்று கொப்பியில் எழுதட்டும். எதைக் கண்டு விலக வேண்டும், எதை வாழவிட வேண்டும் என்பதை அவர்களே சொல்லிக்கொடுக்கும் நாள் தூரத்தில் இல்லை.