வண்ணம் பூசுமுன் பார்க்க வேண்டிய இயந்திரம்

ஒட்டுப்பாலைக் கிழித்து, கழுவி, தகடாக்கும் கிரேப்பர் இயந்திரத்துக்கு உயிர் அதன் இரண்டு உருளைகள். இரண்டும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. பல்சக்கரங்களில் பல் எண்ணிக்கை வேறுபடுவதால் ஒன்று முந்தும், மற்றது பிந்தும். ரப்பர் கிழிபடுவது அந்த வேக வித்தியாசத்தில்தான். கப்பலேற்றும் முன் நடக்கும் ஆய்வு இந்த உருளைகளில் தொடங்க வேண்டும்.

ஈப்போ வட்டாரப் பட்டறைகள் ஈய லம்பங்களுக்குப் பம்பும் தோட்டங்களுக்கு ரப்பர் இயந்திரமும் செய்து கைதேர்ந்தவை. ஜெலாப்பாங் போன்ற தொழில் வட்டாரத்திலிருந்து ஓர் இயந்திரம் கிள்ளான் துறைமுகத்துக்குப் புறப்படும்போது, வாங்கியவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். பட்டறையில் அவருக்குக் கண்ணாக நிற்பவர் ஆய்வாளர்.

உருளைகளின் இரு முனைகளிலும் காரீயக் கம்பியைக் கொடுத்துக் கையால் சுழற்றுவார்கள். நசுங்கி வரும் கம்பியின் தடிமன் இரு பக்கமும் ஒத்திருந்தால் உருளைகள் இணையாக இருக்கின்றன. அடுத்தது ஓட்டம். வெறுமனே ஓடவிட்டுப் பார்ப்பது சோதனையே அல்ல. தண்ணீரும் ஒட்டுப்பாலும் விட்டு ஓட்டியாக வேண்டும். பேராக்கில் ஒட்டுப்பாலுக்கா பஞ்சம்?

வார்ப்பிரும்புச் சட்டத்தில் ஒளிந்திருக்கும் விரிசலைக் காட்டுவது சாயச் சோதனை. எண்ணெயும் அழுக்கும் போகத் துடைத்த இரும்பின்மீது சிவப்புச் சாயத்தைத் தெளித்து, சுமார் 10 நிமிடம் விடுவார்கள். பிறகு கரைப்பானில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். கரைப்பானை நேராகத் தெளித்தால் விரிசலுக்குள் இறங்கிய சாயமும் கழுவிப் போய்விடும். பால்மரம் சீவியவர்களின் பித்தவெடிப்பில், எவ்வளவு கழுவினாலும் தோட்டத்துச் செம்மண் தங்கிவிடும். சாயமும் அப்படித்தான் தங்குகிறது. மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்ததும் அந்தச் சாயம் மெல்ல ஊறி வெளியே வருகிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாத விரிசல் வெள்ளையின்மேல் சிவப்புக் கோடாகத் தெரிகிறது.

இந்த எளிய சோதனையைப் பாழாக்குவது வண்ணப்பூச்சு. பூச்சு விரிசலின் வாயை அடைத்துவிட்டால் சாயம் இறங்க வழியில்லை. ஆனால் பளபளவென்று பச்சை பூசி, பெட்டியில் அடைக்கத் தயாரான பிறகே ஆய்வாளரை அழைக்கும் வழக்கம் உண்டு. அப்போது அவர் சோதிப்பது இயந்திரத்தை அல்ல, பூச்சை.

மின்சாரத்திலும் கவனம் வேண்டும். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரப்பர் மரத்தின் தாயகமான பிரேசிலிலும், பிலிப்பைன்ஸிலும் 60. இங்கே சரியாக ஓடிய சாதாரண மோட்டார் அங்கே 20 விழுக்காடு வேகமாகச் சுழலும்.

மரப்பெட்டியின் பலகை, உள்மையம்வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டதற்கோ அல்லது ஏற்கப்பட்ட வேறு முறையில் பூச்சி நீக்கப்பட்டதற்கோ முத்திரை இருக்க வேண்டும். சரக்கேற்றிய கொள்கலனின் எடையைச் சரிபார்த்து அறிவிப்பது 2016 ஜூலை 1 முதல் உலகெங்கும் கட்டாயம்.

இயந்திரம் வாங்குவோர் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும்: முதல் ஆய்வு வண்ணம் பூசுவதற்கு முன், இரண்டாவது பெட்டியை மூடுவதற்கு முன். கடைசித் தவணைப் பணம் இரண்டு அறிக்கைகளும் கைக்கு வந்த பிறகுதான்.