மேசை மேல் ஏறிய பெண்ணும் பெரம்பூர் மில்லும்

நம் படங்களில் தொழிலாளிக்குக் கஷ்டம் வந்தால் கதாநாயகன் வந்து விடுவான். அடியாட்களை நாலு சாத்து சாத்துவான். முதலாளி மனம் திருந்துவார். அவர் மகள் இவனுக்கு மாலை போடுவாள். கொட்டகையில் விசில் பறக்கும். மறுநாள் விடியற்காலை பெரட்டில் போய் நின்றால் அதே மண்டோர், அதே சம்பளம். சங்கம் எப்படி உருவாகிறது என்பதை மட்டும் யாரும் காட்டுவதில்லை. 1960-இல் வந்த ‘பாதை தெரியுது பார்’ போல ஒன்றிரண்டு படங்கள் விலக்கு. அது ஓடவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1979-இல் வெளிவந்த ‘நார்மா ரே’ என்ற அமெரிக்கப் படம் அதைக் காட்டியது. பஞ்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண். படிப்பு அதிகமில்லை, பிள்ளைகள் உண்டு. சங்கத்துக்கு ஆள் சேர்க்கிறாள் என்று நிர்வாகம் வெளியே போகச் சொல்கிறது. அவள் ஓர் அட்டையில் ‘சங்கம்’ என்று எழுதி, மேசை மேல் ஏறி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நிற்கிறாள். பேச்சில்லை, பாட்டில்லை. ஒவ்வொரு இயந்திரமாக நிற்கிறது. அவ்வளவுதான் காட்சி. நடித்த சாலி ஃபீல்டுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

இது கட்டுக்கதை அல்ல. கிறிஸ்டல் லீ சட்டன் என்ற பெண் வட கரோலினாவில் ஜே.பி. ஸ்டீவன்ஸ் ஆலையில் துண்டு மடிக்கும் வேலை செய்தவர். மணிக்கு 2 டாலர் 65 காசு கூலி. 1973-இல் அவரை நீக்கினார்கள். ஏன் தெரியுமா? நிர்வாகம் ஒட்டிய நோட்டீசை அவர் எழுதி எடுத்துக்கொண்டிருந்தார். சங்கம் வந்தால் கறுப்பர்கள் கை ஓங்கிவிடும் என்று வெள்ளைத் தொழிலாளிக்குப் பயம் காட்டிய நோட்டீஸ் அது.

இந்த இடத்தில்தான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஏனென்றால் இதே கதை நம் தமிழர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்திருக்கிறது.

சென்னை பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் என்று இரண்டு மில்கள், பின்னி கம்பெனிக்குச் சொந்தமானவை. அங்கே மதியச் சோற்றுக்கு அரைமணி நேரம். ஓடி வந்து, வரிசையில் நின்று, வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்ப ஓட வேண்டும். பக்கத்தில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் இதைத் தினம் பார்த்தவர்கள். அவர்கள் போய் பி.பி. வாடியாவை அழைத்து வந்தார்கள். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா ஆங்கிலத்தில் பேசினார். தொழிலாளிக்குப் புரியும் தமிழில் எடுத்துச் சொன்னவர் திரு.வி.க. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். சோற்று நேரத்தில் பிறந்த சங்கம் என்று நாம் சொல்லலாம்.

கம்பெனி சும்மா இருக்குமா? வேலையை விட்டு நிற்கும்படி தூண்டினார்கள் என்று வாடியா முதலானோர் மேல் வழக்குப் போட்டு, நீதிமன்றத் தடையும் வாங்கியது. சங்கத்தைக் காக்கச் சட்டமே இல்லாத காலம். இந்தியாவில் தொழிற்சங்கச் சட்டம் 1926-இல்தான் வந்தது.

ஆனால் வழக்கை விடப் பெரிய அடி 1921-இல் விழுந்தது. மாதக்கணக்கில் நடந்த அந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் போலீஸ் சுட்டு உயிர்களும் போயின. வேலைநிறுத்தம் தோற்றது. திரும்பிப் போனவர்களைக் கருங்காலி என்று ஏசுவது சுலபம். அந்தச் சேரிக்குள் சங்கம் எத்தனை முறை போயிற்று, அவர்கள் வீட்டில் உட்கார்ந்து எத்தனை பேர் தண்ணீர் குடித்தார்கள் என்று யாராவது கேட்டார்களா? பிளவைக் கம்பெனி பயன்படுத்திக்கொண்டது மெய். பிளவு அதற்கு முன்பே நம்மிடம் இருந்ததும் மெய்.

சரி, இது நமக்கு எதற்கு என்பீர்கள். பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் பல போய்விட்டன. லயத்தில் வளர்ந்த பிள்ளைகள் இன்று தாமானில் இருந்து பேக்டரி பஸ் ஏறுகிறார்கள். தோட்டத்தில் அப்பாவுக்கு இருந்த சங்கம் பேக்டரியில் பல பிள்ளைகளுக்கு இல்லை. மின்னணுத் தொழிலில் நாடு தழுவிய சங்கம் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, 1988-க்குப் பிறகு கம்பெனிக்குள் அடங்கிய சங்கம்தான் கிடைத்தது. வட்டாரச் சங்கங்கள் 2010-இல்தான் வந்தன.

ஈப்போ பக்கம் ஒரு பேக்டரி வாசலில் நாம் உறுப்பினர் பாரம் கொடுத்தபோது ஒரு பெண் கேட்டது: “அண்ணே, பேர் போட்டா வேலை போயிடுமா?” பக்கத்தில் இருந்தவள் சொன்னது இன்னும் மோசம்: “நாம சேர்ந்து என்னா பண்றது? உள்ள பாதிப்பேரு வங்காளதேசி, நேப்பாளி. அவனுங்க வேலை செய்வானுங்க.” அமெரிக்காவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இங்கே ஒட்டவே தேவையில்லை போலிருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளி சங்கத்தில் உறுப்பினராக நம் நாட்டுச் சட்டத்தில் தடை கிடையாது. அவனிடம் பாரம் கொண்டுபோய் நீட்டிய ஆள்தான் குறைவு.

படம் சொல்லாத இன்னொன்றும் உண்டு. சங்கம் ஓட்டில் ஜெயித்ததும் ‘நார்மா ரே’ முடிந்துவிடும். நிஜத்தில் அந்த ஓட்டு 1974-இல். கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது 1980-இல். படம் திரைக்கு வந்தபோதுகூட ஒப்பந்தம் இல்லை! இங்கும் அப்படித்தான். சங்கம் அங்கீகாரம் கேட்டு எழுதினால் முதலாளி 21 நாளில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் தொழிலுறவு இலாகாவிடம் போகும், ரகசிய ஓட்டெடுப்பு வரலாம். ஒப்பந்தப் பேச்சு அதற்குப் பிறகுதான். ‘சந்தா கட்டி மூணு மாசமாச்சு, ஒண்ணும் காணோமே’ என்று பாரத்தைக் கிழிக்கிறவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலை நீக்குவது நம் சட்டப்படி குற்றம். கிறிஸ்டல் லீக்கும் சில ஆண்டுகள் கழித்து வேலையும் நிலுவைச் சம்பளமும் கொடுக்க உத்தரவாயிற்று. அவர் இரண்டே நாள் வேலைக்குப் போய்விட்டு, போதும் என்று வந்துவிட்டார். இங்கே நியாயமில்லாமல் நீக்கப்பட்டவர், நீக்கிய நாளில் இருந்து 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனுக் கொடுத்தாக வேண்டும். தீபாவளி போகட்டும், பிள்ளை பரீட்சை முடியட்டும் என்று இருந்துவிட்டு 61-ஆம் நாள் சங்க ஆபீசுக்கு வருகிறவர்களுக்கு நம்மால் செய்யக்கூடியது மிகக் குறைவு.