ஆட்ரி ரிச்சர்ட்ஸ் பெயரில் ஒரு பரிசு

ஆப்பிரிக்காவை ஆராயும் மாணவர்களுக்கென்றே சில பரிசுகள் உண்டு. அமெரிக்காவில் 1957இல் தொடங்கிய ஆப்பிரிக்க ஆய்வுச் சங்கம், தன் ஆண்டு மாநாட்டில் மாணவர்கள் படிக்கும் கட்டுரைகளில் சிறந்ததற்குப் பரிசு தருகிறது.

பிரிட்டனில் ஆப்பிரிக்கா பற்றிய சிறந்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குத் தரப்படும் பரிசுக்கு ஆட்ரி ரிச்சர்ட்ஸ் என்ற மானிடவியலாளரின் பெயரை வைத்திருக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. 1930களில், இன்றைய ஜாம்பியாவில், பெம்பா மக்களின் ஊர்களில் தங்கியவர் அவர். எந்த வீட்டில் என்ன சமைத்தார்கள், யார் எவ்வளவு உண்டார்கள், தானியம் எந்த மாதம் தீர்ந்துபோகிறது என்று பொறுமையாகக் குறித்துவந்தார்.

அந்நாளில் பெம்பாக்களின் அன்றாட உணவு கேழ்வரகுக் களி. கேழ்வரகு விளைவிக்க ஆண்கள் மரமேறிக் கிளைகளை வெட்டுவார்கள்; பெண்கள் சுமந்துபோய்க் குவிப்பார்கள்; மழைக்கு முன் கொளுத்தி, அந்தச் சாம்பல் மண்ணில் விதைப்பார்கள். ஆண்கள் செம்புச் சுரங்க வேலைக்குப் போய்விட, கிளை வெட்ட ஆளில்லாமல் உணவு குறைந்தது என்றார் ரிச்சர்ட்ஸ். பஞ்ச மாதங்களில் பெம்பா மக்கள் தளர்ந்து கிடந்தது சோம்பலால் அல்ல, அரைவயிற்றுச் சாப்பாட்டால் என்பதையும் எடுத்துக்காட்டினார். இவற்றை விவரிக்கும் அவருடைய நூல் 1939இல் வெளிவந்தது.

அதோடு விவாதம் முடியவில்லை. ஹென்ரியெட்டா மூர், மேகன் வான் என்ற இரு ஆய்வாளர்கள் அதே வட்டாரத்தை மீண்டும் ஆராய்ந்து, 1994இல் தங்கள் நூலில் ரிச்சர்ட்ஸின் முடிவுகள் சிலவற்றைக் கேள்விக்கு உள்ளாக்கினார்கள்.