புறப்படும் முன் டயரைப் பாருங்கள்!

பிரயாணம் என்றால் நாம் எதையெல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கிறோம்! புளியோதரை கெடாமல் இருக்க நல்லெண்ணெய் ஒரு கரண்டி கூடுதலாக, குழந்தைக்கு ஃபிளாஸ்கில் வெந்நீர், அத்தைக்கு முட்டிவலித் தைலம். ஆனால் இத்தனை பேரையும் இத்தனை சாமானையும் தூக்கிக்கொண்டு ஓடுகிற நாலு டயரை ஒரு தடவையாவது குனிந்து பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை, 2022 மே மாதம் வரை.

எங்கள் ஊர் களம்பூர். ஆரணிக்குப் பக்கம். தறிச் சத்தத்துக்கும் அரிசி ஆலைக்கும் நடுவில் எங்கள் வீடு. கூட்டுக் குடும்பம் என்பதால் 2018-ல் பழைய வேன் ஒன்றை வாங்கினோம். வருஷத்தில் நாலைந்து தடவை கோயில் பிரயாணம், மற்ற நாளெல்லாம் வேப்ப மரத்தடியில் நிற்கும். வெளிநாட்டில் படுக்கை, அடுப்போடு வீடு மாதிரி வேன் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்களாம். எங்களுடையதும் கிட்டத்தட்ட அப்படித்தான். சத்திரத்தில் இடம் கிடைக்காவிட்டால் வேனிலேயே படுக்கை, மரத்தடியில் சமையல்.

அந்த மே மாதம் திருச்செந்தூருக்குப் புறப்பட்டோம். பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பதினோரு பேர். விராலிமலை தாண்டி மதுரை சாலையில் போய்க்கொண்டிருக்கிறோம், பகல் இரண்டு மணி, அக்னி வெயில். டமார் என்று ஒரு சத்தம். வேன் பின்பக்கம் வாலை ஆட்டுகிற மாதிரி ஆடியது. என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த நாத்தனார் குழந்தை உருண்டு விழப் பார்த்தது. ஓட்டியவர் என் கொழுந்தனார். பிரேக்கில் கால் வைக்கவே இல்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டு, வேகம் தானாகக் குறைந்த பிறகு ஓரம் கட்டினார். "பிரேக் அடிச்சிருந்தா கவுந்திருப்போம் அண்ணி" என்றார். வண்டி ஓட்டும் தோழியர் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், வெடித்த டயரில் பட்டன் நன்றாகவே இருந்தது. மொட்டை டயர் வெடிக்கும், நியாயம். புதுசு மாதிரி இருக்கிறது எப்படி வெடிக்கும்? இன்னொரு கூத்து, மாற்றலாம் என்று ஸ்டெப்னியை இறக்கினால் அதில் பாதிக் காற்றுதான். ஒரு புண்ணியவான் லாரியை நிறுத்தி உதவினார்.

ஊருக்குத் திரும்பியதும் நானே ஆரணிக்குக் கிளம்பினேன், பஞ்சர் கடை பாயிடம். முப்பது வருஷமாக டயரோடு வாழ்கிறவர். "இன்னா தங்கச்சி, நீ வந்திருக்கே?" என்று சிரித்தவர், கிழிந்த டயரைப் புரட்டி ஓரிடத்தில் விரல் வைத்தார். நீள்வட்டக் கட்டத்துக்குள் 3413 என்று நாலு எண். "2013-ஆம் வருஷம் 34-ஆவது வாரம் செஞ்சது. ஒம்போது வருஷம் ஆவுது. இதுல புள்ளைங்கள ஏத்திக்கினு திருச்செந்தூரா?"

அப்போதுதான் விளங்கியது. வேனை வாங்கியபோதே டயருக்கு ஐந்து வயது. ரப்பர் ஓடினால்தான் கெடும் என்றில்லை. வெயிலும் காற்றும் பட்டு, நின்ற இடத்திலேயே உள்ளுக்குள் இறுகி வெடிப்பு விடும். பழைய பிரஷர் குக்கர் கேஸ்கெட்டை வளைத்தால் கோடு கோடாகத் தெரியுமே, அதே கதைதான். தினம் ஓடும் டாக்ஸி டயர் தேய்ந்து கெடும்; நம் வீட்டு வேன் டயர் தேயாமலே கிழடாகும். ஐந்து வருஷம் ஆனால் வருஷா வருஷம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும், பத்து வருஷம் ஆனால் பட்டன் எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது டயர் கம்பெனிகள் சிலவே சொல்லும் கணக்கு. நிறைய பாரம் ஏற்றுகிற வண்டிக்கு ஆறேழு வருஷத்திலேயே மாற்றிவிடுவது நல்லது என்பது பாயின் அபிப்பிராயம். இப்போது என் அபிப்பிராயமும் அதுதான்.

மீதி மூன்று டயரையும் உருட்டச் சொல்லி, கைரேகை பார்ப்பது போலப் பாடம் நடத்தினார். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக இருந்தால் காற்று குறைவு, அல்லது பாரம் அதிகம். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரம் நேராக நிற்கவில்லை, அலைன்மென்ட் பார்க்க வேண்டும். அங்கங்கே பள்ளம் பள்ளமாக இருந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம், அல்லது வீல் பேலன்ஸிங் சரியில்லை. கண்ணுக்குத் தெரியாத தேய்மானமும் உண்டாம். உள்ளங்கையை டயர்மேல் வைத்து ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுப்பு, எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பப் பல் மாதிரி குத்தும். அதுவும் அலைன்மென்ட் கோளாறுதான். பட்டுப் புடவையைத் தடவியே இழை சொல்லும் ஊர்க்காரிக்கு இது கஷ்டமா என்ன? பின் டயர் இரண்டிலும் ஓரங்கள் தேய்ந்திருந்ததை நானே கண்டுபிடித்துச் சொன்னேன்.

பட்டன் எவ்வளவு மீதி என்று பார்க்கவும் வழி இருக்கிறது. பட்டன்களுக்கு நடுவே ஓடும் பள்ளத்தில் சின்னச் சின்னத் திட்டுகள் இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்தத் திட்டுக்குச் சமமானால் டயரின் ஆயுசு முடிந்தது. மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்கவே கூடாது. பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் ஸ்கேலை விட்டு அளந்து, 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்ற ஆரம்பிக்கலாம்.

காற்று குறைந்தால் ஏன் வெடிக்கிறது? காற்று அதிகமானால்தானே பலூன் வெடிக்கும் என்று நான் வாதம் செய்தேன். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கிக்கொண்டே இருந்தால் சூடாகுமல்லவா? காற்று குறைந்த டயரும் ஒவ்வொரு சுற்றிலும் அடியில் நசுங்கி நசுங்கி நிமிர்கிறது. மணிக்கணக்கில் அப்படி ஓடினால் உள்ளே சூடேறி, ரப்பரும் நூலும் பிரிந்துவிடும். மேலே பாரமும் கீழே மே மாதத் தார் ரோடும் இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் காற்றைக் காலையில், வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது டிரைவர் கதவோரம் ஒட்டிய அட்டையில் இருக்கும். ஆளில்லாத வண்டிக்கு ஒன்று, முழுப் பாரத்துக்கு ஒன்று என இரண்டு கணக்கு போட்டிருந்தால், கோயிலுக்குப் போகும்போது இரண்டாவதுதான் நமக்கு. ஓடிச் சூடான டயரில் முள் ஏறிக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

பாரம் என்றதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் ஊரில் அரிசி ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. நெல் லாரி எடை போடும் மேடை பக்கத்திலேயே இருக்கிறதே! அதே பதினோரு பேர், அதே சாமான், இரண்டு இருபது லிட்டர் தண்ணீர் கேன், ஒரு சிப்பம் அரிசி, கேரியரில் பாத்திர மூட்டை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனோம். ஆலைக் கணக்குப்பிள்ளை, "நெல் மூட்டைக்குப் பதிலா குடும்பத்தையே எடை போட வந்துட்டீங்களா?" என்று கேலி செய்தார். பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினோம். 1,690 கிலோ.

வெடித்த டயரில் அளவுக்குப் பக்கத்தில் 100/98 என்று இருந்தது. அது பாரக் குறியீடு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். பின்னாலுள்ள எண், ஒரு பக்கத்துக்கு இரட்டை டயர் போடும் வண்டிக்கு. ஆக எங்கள் பின் டயர் இரண்டும் சேர்ந்து 1,600 கிலோ. தொண்ணூறு கிலோவை நாங்கள் அதிகமாக ஏற்றியிருக்கிறோம், அதுவும் ஒன்பது வயது டயரில், காற்றும் பார்க்காமல். யாரைக் குற்றம் சொல்ல? பாத்திர மூட்டை கட்டியது நான்தான்.

புது டயர் வாங்கப் போனபோது ஒரு கடையில், "அளவு ஒண்ணுதாம்மா, விலை கம்மி" என்று மறுபடி 100/98-ஐயே நீட்டினார்கள். வேண்டாம் என்று அதே அளவில் 106/104 கேட்டு வாங்கினோம். 106 என்றால் 950 கிலோ, இரண்டுக்கும் 1,900. பிளை ரேட்டிங் ஆறுக்குப் பதில் எட்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரையும், தயாரித்த வாரமும் பார்த்துத்தான் பணம் கொடுத்தேன். ரீட்ரெடிங் டயர் மலிவுதான், ஆனால் பிள்ளைகள் ஏறும் வண்டிக்கு, அதுவும் முன்சக்கரத்துக்கு, வேண்டவே வேண்டாம். ஐரோப்பாவில் இந்த வீட்டு வேன்களுக்கென்றே 'சி.பி.' என்று குறியிட்ட டயர் விற்கிறார்களாம், முழுப் பாரத்தோடு மாதக்கணக்கில் நின்றாலும் தாங்கும்படி. நம் வேனுக்கு லாரி ரக 'எல்.டி.' டயர் போதும்.

டயர் தாங்குகிறது என்பதற்காக வண்டி தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை எழுதியிருக்கிறது, அதற்குள்தான் நம் ஆசையெல்லாம். அரிசியையும் தண்ணீரையும் போகிற ஊரில் வாங்கிக்கொள்கிறோம். கேஸ் சிலிண்டரை ஏற்றுவதே இல்லை. அது எடைக்காக மட்டுமில்லை. 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையம் அருகே சுற்றுலாப் பெட்டியில் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் போனார்களே.

வேன் நிற்கும் நாட்களில் மாதம் ஒரு தடவை கொஞ்சம் நகர்த்தி நிறுத்துகிறோம். டயர்மேல் பழைய சாக்கு போட்டு வெயிலை மறைக்கிறோம். ஸ்டெப்னிக்கும் சேர்த்துத்தான் காற்று.

போன சித்திரையிலும் புறப்படும் முன் எடை மேடைக்குப் போனோம். 1,540 கிலோ. அத்தை மட்டும் இட்லிக் குண்டானை விட்டு வர மாட்டேன் என்றார். நாலு கிலோதானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.