ஒன்பது தலை உயரம்

புக்கிட் தெங்காவில் கொமுட்டர் ரயிலேறி பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரியில் கடலைத் தாண்டினால் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். அங்கே துணி எடுத்துவந்து, தையல்காரரிடம் "இதுவரைக்கும் இறங்கணும், இங்க சுருக்கு வரணும்" என்று கையால் காட்டித் திணறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மனதிலுள்ள உடுப்பைத் தாளில் காட்ட ஓர் உருவம் போதும். அடிக்கோல் பிடிக்கத் தெரிந்தவர் யாரும் அதை வரையலாம்.

ஏ4 தாளின் நடுவே 27 செ.மீ. நீளத்துக்குச் செங்குத்தாகக் கோடு இழுங்கள். 3 செ.மீ.க்கு ஒரு புள்ளி வைத்தால் ஒன்பது கட்டம் வரும். முதல் கட்டம் தலை, 2 செ.மீ. அகலத்தில் முட்டை வடிவம். மற்ற எல்லாவற்றுக்கும் அந்தத் தலைதான் அளவுகோல். உச்சியிலிருந்து ஒன்றரைத் தலையில் தோள், இரண்டில் மார்பு, மூன்றில் இடுப்பு, நான்கில் தொடைகள் பிரியும் இடம், ஆறில் முழங்கால், எட்டரையில் கணுக்கால். பெண் உருவத்துக்குத் தோளின் அகலம் ஒன்றரைத் தலை. இடுப்பு ஒரு தலையைவிடச் சற்றுக் குறைவு. கையைத் தொங்கவிட்டால் முழங்கை இடுப்புக்கு நேரே வரும், மணிக்கட்டு நான்காம் கோட்டருகே நிற்கும்.

ஆனால் நம்மில் யாரும் ஒன்பது தலை உயரம் இல்லை. ஏழு, ஏழரைதான்.

சிற்ப சாஸ்திரத்திலும் நவதாலம் என்று ஓர் அளவுமுறை உண்டு. பெயரைப் பார்த்து இதுவும் அதுவும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. தாலம் என்பது முகத்தின் நீளம், நெற்றி மயிர்க்கோட்டிலிருந்து முகவாய் வரை. உள்ளங்கையின் அடியை முகவாயில் வைத்து முகத்தின்மேல் விரித்துப் பாருங்கள், நடுவிரல் நுனி மயிர்க்கோட்டை ஒட்டி நிற்கும். ஒரு தாலம் 12 அங்குலம் (இஞ்ச் அல்ல, சிற்பியின் விரலளவு). ஒன்பது தாலம் 108. உச்சியையும் சேர்த்தால் தலை ஏறக்குறைய 15 அங்குலம் வரும். 108-ஐ அதால் வகுத்தால் ஏழு தலைக்குச் சற்று மேலே. அதாவது ஸ்தபதியின் உருவம் மனித அளவிலேயே நிற்கிறது. அதில் கால்களுக்கு 54 அங்குலம், சரிபாதி.

நம் படத்திலோ உடலுக்கு நான்கு தலை, காலுக்கு ஐந்து. உருவம் எல்லா இடத்திலும் ஒரேபோல் நீளவில்லை. கூட்டிய உயரம் காலுக்குத்தான் போகிறது, அதிலும் முழங்காலுக்குக் கீழேதான் அதிகம். துணி விழும் அழகு எடுப்பாகத் தெரிவதற்காகச் செய்வது இது. எங்கே நீட்டினோம் என்று நினைவிருந்தால் உடுப்பு கெடாது. பாஜு கூரோங்கின் மேல்சட்டையைத் தோளிலிருந்து இத்தனை செ.மீ. என்று அளந்து வரைந்தால் ஏமாற்றும். முழங்காலுக்கு மேலா, கீழா என்று மூட்டை வைத்து முடிவு செய்யுங்கள். சேலைக்கும் அப்படியே. இடுப்பிலிருந்து தரைவரை கொசுவம் 100 செ.மீ., அதில் கரை 10 செ.மீ. என்றால் பத்தில் ஒரு பங்கு. படத்தில் இடுப்புக்குக் கீழே 18 செ.மீ. இருப்பதால் கரை 1.8 செ.மீ. வரவேண்டும். கண் திட்டத்தில் போட்டால் காஞ்சிபுரப் பட்டின் கரையும் நாடா மாதிரி மெலிந்துவிடும். சேலைக்கு மட்டும் நான் எட்டுத் தலையோடு நிறுத்திக்கொள்கிறேன். காலில்தான் ஒரு தலையைக் குறைப்பேன்.

விறைப்பாக நிற்கும் உருவம் பழகியபின் ஒரு காலில் பாரத்தைப் போடுங்கள். கழுத்துக்குழியிலிருந்து தூக்குநூல் விட்டதுபோல் நேர்கோடு இறக்கினால், பாரம் தாங்கும் பாதம் அந்தக் கோட்டில் இருக்கவேண்டும். விலகினால் உருவம் சாய்ந்து விழுவதுபோல் தெரியும். பாரம் தாங்கும் பக்கம் இடுப்பெலும்பு உயரும், அதே பக்கத் தோள் தாழும். சோழர் காலச் செப்புத்திருமேனிகளில் பார்வதி நிற்கும் திரிபங்கத்தைப் பார்த்து இதைக் கற்றுக்கொள்வதுபோல் வேறெதிலும் கற்க முடியாது என்பேன். அந்த வளைவில்தான் சேலை மடிப்பு எந்தப் பக்கம் இழுபடும், எந்தப் பக்கம் தளரும் என்று தெரியும்.

முகம், விரல் எல்லாவற்றையும் விட்டுவிடலாம். நன்றாக வந்த உருவத்தைக் கறுப்பு மையால் அழுத்தி வரைந்து, மேலே மெல்லிய தாளை வைத்து ஒவ்வொரு உடுப்பையும் அதன்மேல் வரையுங்கள். முதுகுப் பக்கத்துக்கும் ஒரு தாள் வேண்டும். ரவிக்கையின் பின்கழுத்து எவ்வளவு இறங்கும்? தையல்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.