உவர்ப்புச் சீஸ்கேக்

உவர்ப்புச் சீஸ்கேக் என்பது பாலாடைக்கட்டி, முட்டை ஆகியவற்றைச் சர்க்கரை சேர்க்காமல் கலந்து வேகவைத்துச் செய்யப்படும் ஓர் உணவாகும். இனிப்புச் சீஸ்கேக் உணவின் இறுதியில் உண்ணப்படுகிறது. இதுவோ மேற்கத்திய இரவு விருந்துகளில் தொடக்க உணவாகச் சிறு துண்டுகளாகப் பரிமாறப்படுகிறது. முந்தைய நாளே செய்து குளிரூட்டி வைக்கலாம் என்பதால் விருந்தளிப்போருக்கு இது வசதியானது.

வரலாறு

இனிப்பற்ற பாலாடைக்கட்டிக் கேக் புதிதன்று. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் உரோமானியரான மூத்த கேட்டோ, வேளாண்மை பற்றிய தமது நூலில் 'லிபம்' என்னும் பண்டத்தின் செய்முறையைத் தந்துள்ளார். இடித்த பாலாடைக்கட்டி, மாவு, ஒரு முட்டை ஆகியவற்றைப் பிசைந்து, இலைகளின்மீது வைத்துச் சுடுவது அம்முறை. அதில் தேன் குறிப்பிடப்படவில்லை. இன்றைய வகைக்கு அடிப்படையான கிரீம் சீஸ் 1870களில் ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வணிக அளவில் உற்பத்தியாகத் தொடங்கியது.

செய்முறை

பக்கவளையத்தைக் கழற்றக்கூடிய 20 செ.மீ. வட்டத் தட்டில், பொடித்த உப்பு பிஸ்கட் 150 கிராம், உருக்கிய வெண்ணெய் 60 கிராம் ஆகியவற்றின் கலவை அடித்தளமாக அழுத்தப்படுகிறது. அறை வெப்பநிலையிலுள்ள கிரீம் சீஸ் 450 கிராம், நீலப் பாலாடைக்கட்டி 100 கிராம், மிளகு ஆகியவை மசிக்கப்படுகின்றன. பாலாடைக்கட்டியிலேயே உப்பு இருப்பதால், சுவைபார்த்த பின்னரே உப்பு சேர்க்கப்படும். இறுதியில் மூன்று முட்டைகள் மெதுவாகக் கலக்கப்படுகின்றன. பின்னர் 160 பாகை செல்சியசில் ஏறத்தாழ 45 நிமிடங்கள் ஓவனில் வேகவைக்கப்படுகிறது. நீலப் பாலாடைக்கட்டிக்கு மாற்றாகப் புகையூட்டிய சால்மன் மீன், வதக்கிய காளான் போன்றவையும் பயன்படுகின்றன.

வெடிப்பும் அதன் காரணமும்

முட்டைப் புரதங்கள் வெப்பத்தால் வலைபோல் இணைந்து கலவையை இறுகச் செய்கின்றன. சர்க்கரை இவ்விணைப்பைத் தாமதப்படுத்தும், உப்பு விரைவுபடுத்தும். ஆகவே உவர்ப்புச் சீஸ்கேக் இனிப்பு வகையைவிட எளிதில் மிகையாக வெந்துவிடும். அவ்வாறு வெந்தால் புரதவலை சுருங்கி நீரை வெளியேற்றும், மேற்பரப்பு வெடிக்கும்.

இதனைத் தவிர்க்க, ஓரம் இறுகி, நடுப்பகுதி சற்றே அசையும் நிலையிலேயே வேகவைத்தல் நிறுத்தப்படுகிறது. எஞ்சிய வெப்பமே நடுப்பகுதியை இறுகச் செய்யும். திடீர்க் குளிர்ச்சியும் வெடிப்பை உண்டாக்கும் என்பதால், ஓவனின் கதவைச் சற்றுத் திறந்துவைத்து ஆறவிடுவர்.

பரிமாறல்

ஆறியபின் குறைந்தது நான்கு மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்படுகிறது. கொழுப்பு மிகுந்ததாகையால் ஒரு கேக் 12 முதல் 16 பேருக்குப் போதும். பெரிய துண்டு முதன்மை உணவுக்கான பசியைக் கெடுத்துவிடும். எலுமிச்சைச் சாறு தெளித்த பச்சைக் கீரைகளுடன் உண்ணும்போது கொழுப்பின் திகட்டல் தணிகிறது.