பேஸ் கிட்டார் பழக ஆடாசிட்டி

எட்டு மாதங்களாக பேஸ் கிட்டார் பழகி வருகிறேன். "அண்ணா, எனக்கும் சொல்லித் தருவீங்களா?" என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். எனக்குத் தகுதி இருக்கிறதா என்று முதலில் சோதித்துவிட நினைத்தேன்.

கிட்டாரை யுஎஸ்பி ஆடியோ இன்டர்பேஸ் வழியே கணினியில் இணைத்தேன். இலவச சாஃப்ட்வேரான ஆடாசிட்டி 3-ல், ஜெனரேட் மெனுவில் ரிதம் டிராக்கைத் தேர்ந்தெடுத்து, நிமிடத்திற்கு 60 தட்டுகள் வைத்தேன். அதைக் கேட்டபடி வாசித்துப் பதிவு செய்தேன். ஹெட்போன் அவசியம். பேஸின் தடித்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்வதால், லேப்டாப் ஸ்பீக்கரில் சரியாகக் கேட்காது.

அலைவடிவத்தைப் பெரிதாக்கினால், என் நோட்டுகள் எல்லாமே தட்டுக்குப் பின்னால் விழுந்திருந்தன. கணினியின் தாமதமோ? நீங்களும் சோதிக்கலாம். இன்டர்பேஸின் ஹெட்போன் அவுட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிள் போட்டு, அந்தத் தட்டையே பதிவு செய்யுங்கள். இரண்டு டிராக்குகளும் ஒன்றாகப் பொருந்தும் வரை, பிரிஃபரன்சஸில் உள்ள லேட்டன்சி காம்பன்சேஷன் எண்ணை மாற்றுங்கள்.

அதைச் சரிசெய்த பிறகும், கம்பி மாறும் இடங்களில் பிந்தியே இருந்தேன். அந்தத் தவறு என்னுடையதுதான்.

பையனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சொல்லிக் கொடுக்க இன்னும் நாளாகும். இப்போதைக்குச் சேர்ந்து பழகுகிறோம். நான் எங்கே பிந்தினேன் என்று திரையைப் பார்த்து அவனே சொல்கிறான்.